கணினி யாரிடம் பேசுகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேயர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)



பழைய கணினியும் நம் அந்தரங்கமும் என்று இன்றைக்கு எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இது படித்த பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கென்ன என்று தேநீர் கலக்க எழுந்துவிடாதீர்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசிக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. கூடத்தில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் மேசைக் கணினியைத் திறப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெரியவர்கள்தாம். ஆலயக் கணக்கு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதங்கள், சிறு வியாபாரத்தின் பற்று வரவு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழைய முரசு அஞ்சல் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் புதுக் கணினியில் சரியாகத் தெரியவில்லை என்பதற்காகவே எக்ஸ்பியை விடாமல் வைத்திருக்கிற இருவரை எனக்கே தெரியும்.

சில மாதங்களுக்கு முன் மாசாயில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா தையல் வேலை செய்கிறவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், முதலாளி கழித்துவிட்ட கணினி ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். விண்டோஸ் 7. வாடிக்கையாளர்களின் அளவு, தொலைபேசி எண், யார் எத்தனை வெள்ளி பாக்கி என்ற விவரம், குடும்பத்தார் அனைவருடைய அடையாள அட்டையின் நகல் எல்லாவற்றையும் அதில் வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "ஏங்கய்யா, இந்தக் கம்ப்யூட்டர் நம்ம வீட்டு விசயத்தையெல்லாம் வெளியே சொல்லுதாமே, நெசந்தானா?"

வெளியே சொல்வது நிசம்தான். ஆனால் அந்த அம்மா பயந்ததை அது சொல்வதில்லை. அவர் பயப்படாத ஒன்றுதான் உண்மையில் ஆபத்து. அந்த வேறுபாட்டை விளக்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

மீட்டர் பார்க்க வருகிறவர்

டெலிமெட்ரி என்று ஒரு சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூரத்திலிருந்து அளந்து பார்ப்பது என்று பொருள். தண்ணீர் மீட்டர் பார்க்க ஒருவர் வீட்டுக்கு வருகிறார். வாசலில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார். நம் சமையலறைக்குள் நுழைவதில்லை. ஆனாலும் இந்த வீட்டில் இரண்டு வாரமாகத் தண்ணீரே ஓடவில்லை, ஆட்கள் ஊரில் இல்லை போலும் என்பது அந்த எண்ணைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.

கணினியிலும் இதுதான் நடக்கிறது. என்ன மாடல், எவ்வளவு நினைவகம், எந்தெந்த மென்பொருள் இருக்கிறது, எது எப்போது நின்றுபோனது என்பன போன்ற விவரங்கள் தயாரித்த நிறுவனத்துக்குப் போகின்றன. நீங்கள் எழுதிய கடிதத்தை உட்கார்ந்து படிக்க யாரும் அங்கே இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மென்பொருள் திடீரென்று செயலிழக்கும்போது, அந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததும் அறிக்கையோடு சேர்ந்து போகலாம். திறந்து வைத்திருந்த கோப்பின் ஒரு பகுதி தெரியாமல் அதில் கலந்துவிடக்கூடும் என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

எக்ஸ்பி காலத்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். கணினி மக்கர் செய்ததும் ஒரு பெட்டி வரும். பிழை அறிக்கையை அனுப்பவா, வேண்டாமா என்று கேட்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் 'வேண்டாம்' என்பதைத்தான் அழுத்தினோம். அனுப்பியவர்களால் பயன் இல்லாமல் போகவில்லை. அப்படிக் குவிந்த அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான், நூற்றில் ஒரு பங்குக் கோளாறுகளே பாதிப் பிழைகளுக்குக் காரணமாக இருக்கின்றன என்று அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர் 2002இல் வியந்து எழுதினார். எதை முதலில் திருத்துவது என்பது அதனால் தெரிந்தது. ஆகவே டெலிமெட்ரி என்றாலே வேவு பார்ப்பது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எக்ஸ்பி நம்மைக் கேட்டுவிட்டு அனுப்பியது. கேட்காமல் அனுப்பிய கதைகளும் உண்டு. 1999 மார்ச்சில் ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க நிரலாளர், விண்டோஸ் 98ஐப் பதிவு செய்யும்போது, வன்பொருள் விவரத்தை அனுப்ப வேண்டாம் என்று சொன்னவர்களின் கணினியிலிருந்தும் ஓர் அடையாள எண் போவதைக் கண்டுபிடித்தார். மைக்ரோசாப்ட் அதைத் திருத்துவதாகச் சொன்னது. பிறகு 2006இல், கணினியில் இருப்பது அசல் பிரதியா என்று சோதிக்கும் ஒரு நிரல் அன்றாடம் தலைமையகத்தோடு தொடர்புகொள்வது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதையும் மாற்றிக்கொண்டார்கள்.

இந்த இரண்டாவது கதைக்கு நம் நாட்டில் ஒரு பின்விளைவு உண்டு. பத்து வெள்ளி வட்டில் வந்த திருட்டுப் பிரதிதான் அன்று பல வீடுகளில் இருந்தது. சோதனைக்குப் பயந்தவர்கள், அப்டேட் என்று வரும் புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். கணினி வாங்கியதும் முதல் வேலையாக அப்டேட்டை அடைத்துவிடு என்பது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. அந்த வழக்கம் இன்னும் நம்மை விடவில்லை.

நான் செய்த தவறு

நானும் அதையே செய்தவன்தான். குளுவாங்கில் என் நண்பர் ஒருவர் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். நான்கு கணினிகள், நான்கும் விண்டோஸ் 7. 2015இல் விண்டோஸ் 10 வெளிவரும் தறுவாயில், அதை ஏற்றிக்கொள்ளச் சொல்லி மூலையில் ஒரு சின்னம் வந்து உட்கார்ந்துகொண்டு தொல்லை கொடுத்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டில், விண்டோஸ் 7க்கும் டெலிமெட்ரி சேவை ஒன்று அப்டேட் வழியாகவே வந்து சேர்ந்தது. நண்பர் எரிச்சல்பட்டார். நான் போய் நான்கிலும் அப்டேட்டையே அடியோடு நிறுத்திவிட்டு வந்தேன். சின்னமும் போனது, டெலிமெட்ரியும் ஒழிந்தது என்று இருவருக்கும் நிம்மதி. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கி, சாப்பாடும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்ற கிருமி உலகம் முழுவதும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்க வேண்டுமானால் 300 அமெரிக்க டாலர் கொடு என்று மிரட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்தன. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது.

சனிக்கிழமை இரவு செய்தியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நண்பரின் கணினிகளுக்கு அந்த மார்ச் அப்டேட் போயிருக்காது. போகவிடாமல் செய்தவன் நான். பட்டறைக்காரர்கள் அவருக்குத் தர வேண்டிய பாக்கி முழுவதும் அந்தக் கணினியில்தான், வேறு நகல் கிடையாது. ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு காலை கடை திறந்துவிடும். நள்ளிரவில் அவரை எழுப்பி, நான் வரும்வரை கணினி எதையும் திறக்காதீர்கள், இணையக் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுங்கள் என்றேன். விடியற்காலையில் பென் டிரைவில் அப்டேட்டை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவிலிருந்து கிளம்பினேன்.

ஒன்றும் ஆகவில்லை. கிருமி அந்தக் கடைக்கு வரவில்லை. ஆனால் நான்கு கணினிகளிலும் ஓட்டை அப்படியே திறந்துதான் கிடந்தது. நண்பர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

மீட்டர் பார்க்க வருகிறவரைப் பிடிக்கவில்லை என்று, வீட்டுக் கதவின் பூட்டைச் சரிசெய்ய வருகிறவரையும் சேர்த்துத் துரத்தியதுதான் என் தவறு. டெலிமெட்ரி வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு. இரண்டையும் ஒரே வழியில் அனுப்பியது நிறுவனத்தின் குற்றம் என்றே நான் இன்றும் சொல்வேன். 'பாதுகாப்பு மட்டும்' என்று பெயரிட்டு 2019 ஜூலையில் விண்டோஸ் 7க்கு வந்த அப்டேட்டிலும் டெலிமெட்ரிப் பகுதி ஒன்று கலந்திருந்தது. அதைப் பார்த்துக் கோபப்பட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் கோபத்தில் எந்தச் சுவிட்சைத் தட்டுகிறோம் என்று பார்த்துத் தட்ட வேண்டும்.

எந்தச் சுவிட்சு எங்கே

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் ஆக்‌ஷன் சென்டரைத் திறங்கள். இடப்பக்கத்தில் அந்தச் சென்டரின் அமைப்புகளை மாற்றும் வரி இருக்கும். அதை அழுத்தினால் வரும் பக்கத்தில் கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் புரோகிராம் அமைப்புக்கான வரி இருக்கும். அதில் 'பங்கேற்க விரும்பவில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே பிழை அறிக்கைக்கான அமைப்பும் இருக்கிறது. அதில் தீர்வு தேடவே வேண்டாம் என்று வைக்கலாம். நான் முன்பு சொன்ன டெலிமெட்ரி சேவை, சர்வீசஸ் பட்டியலில் 'டயக்னாஸ்டிக்ஸ் டிராக்கிங் சர்வீஸ்' என்ற பெயரில் இருக்கும். சில கணினிகளில் அதற்கு 'கனெக்டெட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அண்ட் டெலிமெட்ரி' என்று பெயர் மாறியிருக்கும். அதை 'டிசேபிள்ட்' என்று மாற்றினால் போதும். பட்டியலில் உள்ள மற்றவற்றில் கை வைக்க வேண்டாம்.

எக்ஸ்பியில், மை கம்ப்யூட்டரின் பிராப்பர்ட்டிசில் அட்வான்ஸ்ட் பக்கம் போனால் பிழை அறிக்கையை நிறுத்தலாம். விண்டோஸ் மீடியா பிளேயரின் ஆப்ஷன்ஸில் பிரைவசி என்று ஒரு பக்கம் உண்டு. பாட்டுக் கேட்பதற்கு நம் அடையாள எண் எதற்கு? அங்கே அதை நிறுத்தலாம்.

விண்டோஸ் 10 நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. 2015இல் அது வந்தபோது, நிறுவும் நேரத்தில் 'எக்ஸ்பிரஸ்' என்று ஒரு பட்டனைப் பெரிதாகக் காட்டினார்கள். அதை அழுத்தினால் எல்லாச் சுவிட்சும் திறந்துவிடும். எந்த மென்பொருளை எவ்வளவு நேரம் பயன்படுத்தினோம் என்பதுவரை சேகரிப்பது மிகை என்று, 2016 ஜூலையில் பிரான்ஸ் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மைக்ரோசாப்டுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. அடுத்த ஆண்டு, அடிப்படை நிலையில் சேகரிக்கும் விவரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்த பிறகே அந்த வழக்கு முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கேட்டதன் பலன் மாசாய் அம்மாவுக்கும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குப் போங்கள். 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்' பக்கத்தில் இரண்டு நிலைகள் தெரியும். ஒன்று கட்டாயமானது, மற்றது விருப்பமானது. கட்டாய நிலையில் வையுங்கள். வீட்டுப் பதிப்பில் அதற்குக் கீழே இறங்க வழி கிடையாது. அடியோடு நிறுத்தும் வசதியைப் பெரிய நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் உரிய பதிப்புகளுக்கே வைத்திருக்கிறார்கள். அதே பக்கத்தில் இதுவரை சேகரித்ததை அழிக்கச் சொல்லும் பட்டனும் உண்டு. பிறகு 'ஜெனரல்' பக்கத்தில் விளம்பர அடையாள எண், 'ஆக்டிவிட்டி ஹிஸ்டரி', எழுத்து மற்றும் பேச்சு தொடர்பான பக்கங்கள், 'லொக்கேஷன்' ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மூடுங்கள். மேசைக் கணினி எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரிய வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பக்கங்களில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் சிவப்பு வரி தெரிந்தால், பழைய அலுவலகத்தின் கட்டுப்பாடு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புதிதாக விண்டோஸ் நிறுவச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் சுருக்குவழியாக, வேவு பார்ப்பதை ஒரே சொடுக்கில் நிறுத்துகிறோம் என்று இலவச நிரல்கள் கிடைக்கின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அப்டேட்டையும் சேர்த்து நிறுத்திவிடுபவை பல. நான் குளுவாங்கில் கையால் செய்ததை அவை ஒரு நொடியில் செய்துவிடும்.

நேயர் கேள்விகள்

"விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்துவிட்டதாமே, இனி இந்தச் சுவிட்சுகளால் என்ன பயன்?" என்று ஸ்கூடாய் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, 8.1க்கு 2023 ஜனவரி 10, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 என்று ஒவ்வொன்றுக்கும் கெடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10 வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்திருக்கிறார்கள். அது இலவசமாக வேண்டுமானால், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து நம் கணினி அமைப்புகளை அவர்களிடம் சேமித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். காசு கொடுத்தாலும் பதிவு செய்ய அந்தக் கணக்கு வேண்டும். பூட்டு வேண்டுமா, பெயரைச் சொல் என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் இணையத்தில் வங்கி வேலை பார்க்கிறவர் என்றால், பெயரைச் சொல்லிவிட்டுப் பூட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

விண்டோஸ் 7, எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு என் பதில் வேறு. அந்தக் கணினியில் டெலிமெட்ரியைத் தேடி மணிக்கணக்கில் அலைவது வீண். குரோம் உலாவிகூட 2023இல் விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. அதை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். கணக்கு எழுதவும் பழைய கோப்பைத் திறக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாத கணினி யாரிடமும் எதையும் சொல்லாது, யாரும் உள்ளே வரவும் முடியாது. பென் டிரைவைச் செருகும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். இணையமும் அதிலேயே வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பழைய கணினிகள் பலவற்றில் அது நன்றாகவே ஓடுகிறது.

"கூலாயிலும் செடெனாக்கிலும் இவ்வளவு தரவு மையங்கள் எழும்புகின்றனவே, நம் விவரமெல்லாம் அங்கேதான் இருக்கிறதா?" என்பது இன்னொருவர் கேள்வி.

கட்டடம் நம் வீட்டுப் பக்கத்தில் இருப்பதால் விவரமும் பக்கத்தில் இருக்கிறது என்று பொருளில்லை. கணினி அனுப்பும் விவரம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அந்த நிறுவனம்தான் முடிவு செய்கிறது, ஊர் முடிவு செய்வதில்லை. நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. 2024இல் திருத்தப்பட்டு, விவரம் கசிந்தால் நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. வர்த்தகத் தொடர்பான விவரங்களுக்குத்தான் இது பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களை இது கட்டுப்படுத்தாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் விவரத்தை எதற்காகச் சேகரிக்கிறோம் என்று நிறுவனங்கள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் மட்டும் தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் இங்கே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

மாசாய் அம்மாவின் கணினி என்ன ஆனது என்று நிகழ்ச்சி நடத்துநர் கேட்கிறார். அடுத்த வாரமே போனேன். கோப்புகளை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். அடையாள அட்டை நகல்களைக் கணினியிலிருந்து நீக்கினோம். இணையத்தைக் கழற்றிவிட்டோம். பாக்கிக் கணக்கு இப்போதும் அதில்தான் ஓடுகிறது. அதில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்த பேரனுக்கு மட்டும் என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. போன வாரம் தீபாவளித் துணி அளவு கொடுக்கப் போனபோதுகூட அவன் என்னோடு பேசவில்லை.